பெயர்ப்பலகை மாறாத மலர்ச்சாலை: ‘தி பரியல்’ படத்தை முன்வைத்து

2023-ல் அமேசான் பிரைமில் வந்த ‘தி பரியல்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேகி பெட்ஸ் இயக்கியது. ஜேமி ஃபாக்ஸ் வக்கீலாகவும் டாமி லீ ஜோன்ஸ் அவருடைய கட்சிக்காரராகவும் நடித்த நீதிமன்றப் படம். நல்ல விறுவிறுப்பு, இரண்டு பேருமே பிரமாதம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘அடக்கம்’ என்று தலைப்பு வைத்துக்கொண்ட ஒரு படத்தில் அடக்கம் செய்கிற தொழில் எங்கே போச்சு என்பதுதான் என் கேள்வி. அந்தத் தொழிலைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் கதை. ஜெரமையா ஓ'கீஃப் மிசிசிப்பி மாநிலம் பிலாக்ஸி ஊரைச் சேர்ந்த வெள்ளைக்காரர். இரண்டாம் உலகப்போரில் போர் விமானி, பிறகு ஊருக்கு மேயர். பரம்பரையாக இறுதிச்சடங்கு நிறுவனம் நடத்துகிற குடும்பம். கூடவே இறுதிச் செலவுக்கான காப்பீட்டுத் தொழிலும் உண்டு. பணமுடையில் மாட்டியபோது, கனடாவைச் சேர்ந்த ரே லோவனின் பெரிய நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போடுகிறார். மூன்று நிறுவனங்களை லோவன் வாங்கிக்கொள்ள வேண்டும். லோவன் தரப்பு வாங்காமல் இழுத்தடிக்கிறது. இவர் திவாலாகட்டும், அப்புறம் அடிமாட்டு விலைக்கு வாங்கலாம் என்று காத்திருந்தார்கள் என்பது ஓ'கீஃப் தரப்பு வாதம். வழக்கு ஜாக்சன் நகரில், கருப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஹிண்ட்ஸ் கவுண்டியில் நடக்கிறது. ஆகவே வில்லி கேரி என்ற கருப்பின வக்கீல் அமர்த்தப்படுகிறார். சில மில்லியன் டாலர் பெறுமான தகராறில் 1995 நவம்பரில் ஜூரி கொடுத்த தீர்ப்பு 50 கோடி டாலர். மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் 62.5 கோடி டாலருக்குப் பிணை கட்ட வேண்டும் என்ற நிலையில், லோவன் நிறுவனம் 1996 ஜனவரியில் 17.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இதெல்லாம் நடந்த விஷயம். ஜொனாதன் ஹார் 1999-ல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரைதான் படத்துக்கு மூலம்.

இங்கே ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஃபியூனரல் ஹோம்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் சொல் கிடையாது, ஏன்னா அந்தப் பொருளே இங்கே பெரிதாகக் கிடையாது. இலங்கைத் தமிழர்கள் மலர்ச்சாலை என்கிறார்கள். கொழும்பில் பெயர்ப்பலகையிலேயே இருக்கும். நல்ல சொல், அதையே வைத்துக்கொள்கிறேன்.

நம்ம ஊரில் சாவு வேலை பத்துப் பேரிடம் பிரிந்து கிடக்கிறது. ஃப்ரீசர் பெட்டி ஒருத்தர், பந்தலும் நாற்காலியும் இன்னொருத்தர், மாலைக்குப் பூக்கடை, மேளத்துக்கு ஆள், அமரர் ஊர்தி, சுடுகாட்டில் வெட்டியான், சான்றிதழுக்கு பஞ்சாயத்து அலுவலகமோ மாநகராட்சியோ. ‘எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற பெரியவர் ஒருத்தர் தெருவில் இருப்பார், அவர்தான் எல்லாவற்றையும் கோர்க்கிற நூல். அமெரிக்காவில் இத்தனையையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்ததுதான் மலர்ச்சாலை. உடலை எடுத்து வருவது, எம்பாமிங், பெட்டி, பார்வைக்கு வைக்கும் கூடம், சவ ஊர்தி, பத்திரிகை அறிவிப்பு, கல்லறைத் தோட்டத்தோடு பேசி இடம் பிடிப்பது, சான்றிதழ், கடைசியில் ஒரு பில்.

ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பது வசதி. ஆனால் அந்த ஒரே இடத்தில் போய் யாரும் பேரம் பேசுவதில்லை. எங்கள் பெரியப்பா தவறிய அன்று ஃப்ரீசர் பெட்டிக்காரர் ஒரு தொகை சொன்னார். காய்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிற என் அத்தைகூட வாய் திறக்கவில்லை. திறந்தால் பெரியப்பாவை மலிவாக அனுப்பப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும் இல்லையா? இந்த மௌனத்தில்தான் இத்தொழிலின் லாபமும் இருக்கிறது, நாணயமும் இருக்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்பது நடத்துகிறவர் கையில். ஜெசிகா மிட்ஃபோர்ட் 1963-ல் எழுதிய ‘தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்’ இந்த மௌனத்தை எப்படிக் காசாக்குகிறார்கள் என்று கிழித்துத் தொங்கப்போட்ட புத்தகம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே நாட்டில் ஒரு சமூகத்துக்கு மலர்ச்சாலை வேறொன்றாகவும் இருந்தது. ‘தி பரியல்’ தொட்டுவிட்டு நகர்ந்துபோன இடம் அதுதான்.

தென் மாநிலங்களில் இனப்பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில் கல்லறையும் பிரிந்துதான் இருந்தது. வெள்ளையர் மலர்ச்சாலைகள் கருப்பர் உடலை எடுக்காது, எடுத்தாலும் பின்வாசல் வழியாகத்தான். அதனால் கருப்பினத்தவர் தங்களுக்கென்று மலர்ச்சாலைகளை உண்டாக்கிக்கொண்டார்கள். இதில் எதிர்பாராத ஒரு பலன் இருந்தது. கருப்பின ஆசிரியரை வெள்ளைக்காரக் கல்வி அதிகாரி வேலையிலிருந்து தூக்கலாம். குத்தகை விவசாயியை நிலத்திலிருந்து விரட்டலாம். மலர்ச்சாலைக்காரரை யார் தூக்குவது? அவருடைய வாடிக்கையாளர் எல்லாருமே கருப்பர்கள். கையில் காசு, வாசலில் வண்டி, யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாத நிலை, இந்த மூன்றும் சேர்ந்த ஆள் அந்த ஊர்களில் அபூர்வம்.

அதனால் அவர் வேலை பிணத்தோடு முடியவில்லை. 1960-கள் வரை அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியதே மலர்ச்சாலைகள்தான், படுக்க வைத்து எடுத்துப் போகிற வண்டி அவர்களிடம்தானே இருந்தது. கருப்பினத் தேவாலயங்களில் கோடைக்கு வீசிக்கொள்ளும் அட்டை விசிறியில் உள்ளூர் மலர்ச்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். நம்ம ஊர் மளிகைக்கடை காலண்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஏ. ஜி. காஸ்டன். 1923-ல் ஈமக்காப்புச் சங்கமாகத் தொடங்கினார். வாரத்துக்குச் சில்லறைக் காசு கட்டினால் இறந்த அன்று கௌரவமாக அடக்கம். அதிலிருந்து காப்பீட்டு நிறுவனம், மலர்ச்சாலை, தங்கும் விடுதி என்று வளர்ந்தார். 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் போராட்டத்தை நடத்தியது அந்த விடுதியிலிருந்துதான். கிங்கைச் சிறையிலிருந்து எடுக்கப் பிணைத்தொகைக்கு ஏற்பாடு செய்தவரும் காஸ்டன்தான். அவர் போராளி கிடையாது, தெருவில் மோதுவதை அவர் விரும்பவில்லை, அதற்காக இளைஞர்களிடம் திட்டும் வாங்கினார். ஆனாலும் தேவைப்பட்ட நேரத்தில் பணமும் கூரையும் அவரிடமிருந்து வந்தன.

1968-ல் மெம்பிஸில் கிங் போய்வரக் காரும் ஓட்டுநரும் கொடுத்தது ஆர். எஸ். லூயிஸ் என்ற கருப்பின மலர்ச்சாலை. ஏப்ரல் 4 அன்று அவர் சுடப்பட்டார். உடலைத் தயார் செய்ததும் அதே மலர்ச்சாலைதான். உயிரோடு இருந்தவரை ஏற்றிப்போன வண்டிக்காரர்களே கடைசி வேலையையும் செய்தார்கள். மலர்ச்சாலை ஒரு சமூகத்தில் என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே சிகாகோவின் ரேனர் மலர்ச்சாலை. 1955 ஆகஸ்டில் 14 வயது எமெட் டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்டான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உடல் சிகாகோவுக்கு வந்தது. மலர்ச்சாலை உரிமையாளர் ரேனர் தயங்கினார். தாய் மேமி டில் விடவில்லை. பெட்டி திறக்கப்பட்டது. மகனுடைய முகத்தைச் சரிசெய்ய வேண்டாம், பெட்டியைத் திறந்தே வையுங்கள் என்றார். ஆயிரமாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். ‘ஜெட்’ பத்திரிகை படத்தை அச்சிட்டது. அமெரிக்க உரிமைப் போராட்டத்தின் ஒரு தலைமுறையே அந்தப் படத்தைப் பார்த்து எழுந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

மலர்ச்சாலையின் தொழில் என்ன? சிதைந்த முகத்தைத் தூங்குகிற முகமாக மாற்றிக் காட்டுவது. அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட ஒருவர் ஒப்புக்கொண்டார். அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருந்த ஆள் என்பதால்தான் அந்தத் தாய் அவரிடம் அப்படிக் கேட்க முடிந்தது, கேட்டு வாங்கவும் முடிந்தது. வேறு ஊர்த் தலைமையகத்திடம் அனுமதி கேட்க வேண்டிய ஒரு கிளை மேலாளர் இதைச் செய்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது படத்துக்குத் திரும்பலாம்.

லோவன் போன்ற நிறுவனங்கள் ஒரு மலர்ச்சாலையை வாங்கினால் பெயர்ப்பலகையை மாற்றுவதில்லை. மூன்று தலைமுறையாக ஊர் நம்பிய குடும்பப் பெயர் அப்படியே இருக்கும், பல சமயம் அந்தக் குடும்பத்து ஆளே சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பார். விலை மட்டும் வேறு ஊரில் முடிவாகும். ஒரு காலத்தில் லோவன் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலர்ச்சாலைகள் இருந்தன. ஒரு ஊர் பல ஆண்டுகளாக ஒருத்தர் மேல் வைத்த நம்பிக்கையை மொத்தமாக விலைபேசி வாங்குவதுதான் இந்த வியாபாரம். கட்டடமும் சவ ஊர்தியும் அதோடு சேர்ந்து வருகிற சாமான்கள்.

இதன் அடுத்த படிதான் தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டோடு லோவன் செய்துகொண்ட உடன்படிக்கை. கருப்பினத் தேவாலயங்களின் மிகப் பெரிய கூட்டமைப்பு அது. சபை உறுப்பினர்களிடம் அடக்கச் சேவைகளைச் சபை வழியாகவே விற்கலாம் என்பது ஏற்பாடு. படத்தில் இது வெளியே வருகிற இடம் உண்மையிலேயே வலுவான இடம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவரே திங்கட்கிழமை கல்லறை விற்க வந்தால் எப்படி மறுப்பது? விசிறியில் பெயர் அச்சடித்த உறவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நியாயமாக, படம் இங்கே நின்று யோசித்திருக்க வேண்டும்.

நிற்கவில்லை. அந்தத் தகவல் கேரியின் கையில் ஒரு துருப்புச்சீட்டாகிறது, சீட்டு விழுகிறது, ஜூரி அசைகிறது, காட்சி அடுத்ததுக்குப் போய்விடுகிறது. அதிக விலை கொடுத்த குடும்பங்கள் சாட்சிகளாக வந்துபோவார்கள், அவ்வளவுதான். வழக்கு இரண்டு முதலாளிகளுக்கு இடையிலான ஒப்பந்தத் தகராறு. அந்தக் குடும்பங்கள் அதில் தரப்பினரே கிடையாது, எனவே 17.5 கோடியில் அவர்களுக்குச் சட்டப்படி பங்கும் கிடையாது. அவர்களுடைய வருத்தத்தை வைத்து வழக்கு ஜெயித்தது என்பதைப் படம் கவனிக்கவேயில்லை. கவனித்திருந்தால் கடைசிக் கைதட்டல் கொஞ்சம் குறைந்திருக்கும், படம் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

ஓ'கீஃப்பும் அடக்கக் காப்பீடு விற்றவர்தான். தென் மாநிலங்களில் இந்தச் சில்லறைக் காப்பீட்டுக்கு நல்ல வரலாறும் உண்டு, கெட்ட வரலாறும் உண்டு. பல நிறுவனங்கள் கருப்பர்களிடம் வெள்ளையர்களைவிடக் கூடுதலாக வசூலித்தன. கட்டிய மொத்தம் கிடைக்கிற தொகையைத் தாண்டிப் போனதும் உண்டு. ஓ'கீஃப் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்கவே படத்துக்குத் தோன்றவில்லை என்கிறேன். டாமி லீ ஜோன்ஸின் களைத்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க மனசு வராதுதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். லோவன் தரப்பு பிறகு வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்க அரசுக்கு எதிராகவே நடுவர் மன்றம் போனது. 2003-ல் அந்த மன்றம் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. ஆனால் தள்ளுபடி செய்த அதே தீர்ப்பில் ஜாக்சன் விசாரணை நடந்த விதத்தை, அதாவது இனம், நாடு, வர்க்கம் என்று ஜூரியின் உணர்ச்சிகளைத் தூண்ட அனுமதித்ததை, மிகக் கடுமையாகக் கண்டித்தது. படம் கொண்டாடுகிற அதே வாதத்திறமையைத்தான். மிசிசிப்பியில் ஒரு கருப்பின வக்கீல் இனத்தைப் பற்றிப் பேசுவதில் தவறு என்ன என்று நாம் கேட்கலாம், நானும் கேட்பேன். ஆனால் இந்த எதிர்க்குரலுக்கு ஒரு ஓரத்திலாவது இடம் கொடுத்திருந்தால் வில்லி கேரி வெறும் நாயகனாக இல்லாமல் ஒரு சிக்கலான மனிதராகக் கிடைத்திருப்பார்.

படத்தின் அடிப்படைக் கணக்கு இது: உள்ளூர்க்காரர் நல்லவர், வெளியூர்ப் பெருநிறுவனம் கெட்டது. இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று பார்க்க மறுபடியும் சிகாகோவுக்குப் போக வேண்டும். எமெட் டில் அடக்கமானது நகருக்கு வெளியே ஆல்சிப்பில் உள்ள பர் ஓக் கல்லறைத் தோட்டத்தில். கருப்பினத்தவருக்கு வேறு இடங்கள் மறுக்கப்பட்ட காலத்தில், 1920-களில் உருவானது. பாடகி டைனா வாஷிங்டன், ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். சிகாகோவின் கருப்பினக் குடும்பங்களுக்கு அது ஒரு பொது முற்றம் மாதிரி.

2009 ஜூலையில் ஒரு செய்தி வெடித்தது. அங்கே வேலை செய்தவர்களே பழைய கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை வேறு பக்கம் கொட்டிவிட்டு, அதே குழிகளைப் புதிதாக விற்றிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கல்லறைகள். நான்கு பேர் கைதானார்கள். யாரும் வந்து பார்க்காத கல்லறைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா எங்கே, தாத்தா எங்கே என்று வெயிலில் தேடின. டில்லின் கல்லறை தப்பியது. ஆனால் 2005-ல் மறுவிசாரணைக்காக உடலைத் தோண்டியெடுத்துப் புதுப் பெட்டியில் மீண்டும் அடக்கம் செய்திருந்தார்கள். உலகமே பார்த்த அந்தப் பழைய பெட்டி துருப்பிடித்து ஒரு கொட்டகையில் கிடந்தது. இப்போது அது வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தோட்டத்தின் உரிமை அப்போது வெளிமாநில நிறுவனத்திடம் இருந்தது, உண்மை. ஆனால் மண்வெட்டி பிடித்த கை உள்ளூர்க் கை. குடும்பங்கள் முகம் பார்த்துப் பணம் கொடுத்தது உள்ளூர் ஆளிடம். ஆக, நம்மாள் என்பது நம்பிக்கைக்கு ஒரு காரணம்தான், உத்தரவாதம் ஆகாது. ரேனரும் பர் ஓக்கும் ஒரே ஊரில், ஒரே சமூகத்துக்குள், ஒரே சிறுவனின் உடலோடு சம்பந்தப்பட்டவை.

அப்படியென்றால் எது காப்பாற்றும்? சலிப்பான பதில்தான்: விலைப்பட்டியலும் பதிவேடும். 1984-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. மலர்ச்சாலை தன் விலைகளைப் பிரித்துப் பிரித்து எழுத்தில் தர வேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் சொல்ல வேண்டும், எரியூட்டுவதற்குப் பெட்டி வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, வெளியே வாங்கிவந்த பெட்டியை மறுக்கவும் கூடாது. என் அத்தையின் மௌனத்துக்கு இதுதான் மருந்து. வாய் திறந்து கேட்காமலே விலை கண்முன்னே இருக்கும். ஆனால் மலர்ச்சாலை இல்லாமல் கல்லறைத் தோட்டம் மட்டும் நடத்துகிறவர்களை அந்த விதி தொடாது. பர் ஓக் மாதிரி இடங்கள் அந்த ஓட்டையில்தான் இருந்தன. அந்த ஊழலுக்குப் பிறகுதான், 2010-ல், இல்லினாய் மாநிலம் கல்லறைத் தோட்டங்களைக் கண்காணிக்கத் தனிச் சட்டம் போட்டது.

இந்தச் சலிப்பான விஷயங்களைப் படமாக்க முடியாது என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் நிஜத்தில் அந்த ஆர்ப்பாட்டமான தீர்ப்பின் முடிவு என்ன? லோவன் நிறுவனம் 1999-ல் திவால் பாதுகாப்புக் கோரியது. 2002-ல் வேறு பெயரில் எழுந்தது. 2006-ல் அந்தப் புதிய நிறுவனத்தை, இத்தொழிலில் ஏற்கெனவே எல்லாரையும்விடப் பெரிதாக இருந்த சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல் வாங்கியது. கோலியாத்தை வீழ்த்திய கதை என்று படம் சொல்கிறது. அவன் கையிலிருந்தது இன்னும் பெரிய கோலியாத்தின் கைக்குப் போனது, ஊர்களில் பெயர்ப்பலகைகள் அப்படியே இருந்தன.

படத்தைப் பாருங்கள், நடிப்புக்காகவே பார்க்கலாம். பார்த்து முடித்த கையோடு, உங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தகன மேடைக்கு என்ன கட்டணம், அது வாசலில் எழுதி வைத்திருக்கிறதா, வெட்டியானுக்குச் சம்பளமா அல்லது நாம் கொடுக்கிற கைக்காசுதானா, பதிவேடு யாரிடம் இருக்கிறது. சாவு இல்லாத நாளில் கேட்டால்தான் இதற்கெல்லாம் பதில் கிடைக்கும். அன்றைக்கு யாரும் கேட்க மாட்டோம்.